ஐந்திலிருந்து மூன்று கட்டைக்கு

1. பெரம்பலூரில் நான் வேலை பார்த்த ரேடியோ, டி.வி. ரிப்பேர் கடைக்கு, ஒரு மெல்லிசைக் குழுவை நடத்தும் மாஸ்டர், கம்ப்யூட்டர் ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

2. டி.வி.யில் மாட்டினால் படம் வரவில்லை என்றார். வயரில் ஒரு இணைப்பு விட்டிருந்தது. பற்றவைத்ததும் வந்தது.

3. அதனுடைய ஆங்கிலப் புத்தகத்தைப் படித்துச் சொல்ல ஆள் இல்லாததால், ஞாயிற்றுக்கிழமை ஒத்திகைகளுக்கு என்னை வரச் சொன்னார். போனேன்.

4. குழுவின் பாடகிக்குத் தொண்டையில் ஆபரேஷன் ஆகியிருந்தது. பழைய சுருதியில் பாட முடியவில்லை.

5. கம்ப்யூட்டரில் இருந்த பாட்டுகளின் சுருதியை அவருக்காகக் கீழே இறக்கிக் கொடுத்தேன்.

6. ஜெயங்கொண்டத்தில் ஒரு கல்யாண வரவேற்பில் முதல் பாட்டு பாதியில் நின்றது.

ஆறாவதற்குக் காரணம் ஐந்தாவது. அதைச் செய்தது நான்.

கம்ப்யூட்டர், லப்பைக்குடிக்காட்டுக்காரர் ஒருவர் வளைகுடாவிலிருந்து கொண்டுவந்தது. மகன் பழகட்டும் என்று கீபோர்டோடு சேர்த்து வாங்கியிருக்கிறார். மகன் தொடவில்லை. மாஸ்டர் இரண்டையும் வாங்கி, திருச்சியில் ஒருவரிடம் கொடுத்து, இருபத்திரண்டு பாட்டுகளை பிளாப்பியில் ஏற்றி வைத்திருந்தார். ஒவ்வொரு பாட்டிலும் எட்டு டிராக்குகள்: பேஸ், டிரம்ஸ், வயலின், குழல் என்று தனித்தனியாக.

டிப்ளமோவில் நான் படித்தது எலெக்ட்ரானிக்ஸ். பாட்டு தெரியாது. ஆனால் புத்தகத்தின் முதல் பக்கமே புரிந்துவிட்டது. கம்ப்யூட்டருக்குள் சத்தம் கிடையாது. எந்தக் கட்டையை, எப்போது, எவ்வளவு அழுத்தி வாசிக்க வேண்டும் என்ற குறிப்பு மட்டும் இருக்கும். அது மிடி வயர் வழியாகக் கீபோர்டுக்குப் போகும், கீபோர்டு வாசிக்கும். ஆகவே பதிந்ததைத் தொடாமல், ஒலிக்கும் விதத்தை மட்டும் மாற்ற முடியும். திரையில் ஒவ்வொரு டிராக்குக்கும் எதிரே அதற்கான கட்டங்கள் இருந்தன. சத்தம், சுருதி, ஒலிக்கலாமா ஊமையா. பாட்டின் வேகத்துக்குத் தனிக் கட்டம்.

பாடகியை எல்லோரும் அக்கா என்றார்கள். ஒன்பது வருஷமாக அந்தக் குழுவில் பாடுகிறார். மற்ற நாட்களில் ஒரு நர்சரிப் பள்ளியில் வேலை. பாட்டுப் போய்விட்டால் அது மட்டும்தான் மிஞ்சும். மாஸ்டர் இதை ஒளித்துப் பேசவில்லை.

"விருத்தாசலத்துல ஒரு பொண்ணு இருக்கு. காலேஜ் படிக்குது. அஞ்சு கட்டையில அப்படியே நிக்குது. தை மாசம் ஜெயங்கொண்டத்துக் கல்யாணத்த அக்கா பாடட்டும். சரியா வரலன்னா வூட்ல ரெஸ்ட் எடுத்துக்கட்டும்."

"ரெஸ்ட்டெல்லாம் ஆஸ்பத்திரியிலயே எடுத்துட்டேன் மாஸ்டர்," என்றார் அக்கா.

அவருக்கு இப்போது மூன்று கட்டைதான் சௌகரியம். பாட்டுகள் எல்லாம் ஐந்தில் இருந்தன. "ரெண்டு கட்டை எறக்கிடு தங்கச்சி," என்று என்னிடம் சொல்லிவிட்டு மாஸ்டர் டீ குடிக்கப் போனார்.

முதலில் எட்டு டிராக்கையும் சேர்த்து இறக்கினேன். டிரம்ஸ் டிராக்கில் ஒவ்வொரு கட்டையும் ஒரு வாத்தியம் என்பது அப்போதுதான் தெரிந்தது. பெரிய டிரம் விழ வேண்டிய இடத்தில் கைதட்டல் விழுந்தது. தாளத் தட்டு இருந்த இடத்தில் மாட்டு மணி. அக்கா சிரித்து, கழுத்துத் தழும்பைப் பிடித்துக்கொண்டார். டிரம்ஸை மட்டும் பூஜ்யத்தில் விட வேண்டும் என்று நோட்டில் எழுதினேன். குழல் வாசிக்க ஆள் உண்டு, ஆகவே குழல் டிராக் ஊமை. அக்கா மூச்சு வாங்க இடம் வேண்டும், வேகம் கொஞ்சம் குறைவு. பிறகு சுருதி. திரையில் ஒன்று என்பது அடுத்த கட்டை, கறுப்பையும் சேர்த்து. சுருதிக் கணக்கில் கட்டை என்றால் வெள்ளை மட்டும். கீபோர்டில் ஒன்றாம் கட்டையிலிருந்து இரண்டாம் கட்டைக்கு எண்ணிப் பார்த்தேன். நடுவில் ஒரு கறுப்பு, ஆகவே இரண்டு. ஒரு கட்டைக்கு இரண்டு என்றால் இரண்டு கட்டைக்கு நான்கு. ஏழு டிராக்கிலும் மைனஸ் நான்கு போட்டேன். மேற்கொண்டு எண்ணவில்லை.

ஒத்திகைகள் நன்றாகப் போயின. அக்கா காதில் விழுந்த சுருதியைப் பிடித்துப் பாடினார். குழல்காரர் ஆண்டிமடத்துக்காரர். முந்திரித் தோப்பு வேலையை விட்டு ஒத்திகைக்கு வர மாட்டார். நேரே மேடைக்கு வருவார். மூன்று கட்டை என்று அவருக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள்.

கல்யாண மண்டபத்தில் விளக்குப் போடும் நேரத்தில் ஆரம்பித்தோம். மேடையில் டி.வி.யைப் பார்த்துவிட்டு முன்வரிசைப் பெரியவர் ஒருவர், "படம் எத்தன மணிக்குங்க?" என்று கேட்டார். படம் இல்லை என்றேன். எழுந்து பந்திக்குப் போய்விட்டார்.

முதல் பாட்டில் குழல் தனியாக ஒரு சுற்று வரும். அது முடிந்ததும் நான் பொத்தானை அழுத்த வேண்டும். அழுத்தினேன். குழலிலிருந்து சுருதி எடுத்திருந்த அக்கா அதிலேயே தொடங்கினார். கம்ப்யூட்டர் வேறெங்கோ வாசித்தது. அவர் அதற்கு இறங்கினார். குழல் மேலே நின்றது. மறுபடி ஏறினார். பெண்கள் வரிசையில், "அந்தம்மாவுக்குத் தொண்ட கட்டிக்கிச்சு போல," என்று ஒருவர் சொன்னது மேடைவரை கேட்டது. மாஸ்டர் கையைக் காட்டி நிறுத்தினார்.

"நான் அப்பவே சொன்னேன்," என்றார், மைக்கை மூடிக்கொண்டு.

"நான் ஒழுங்காத்தான் பாடுறேன் மாஸ்டர். பெட்டி எறங்கிக் கெடக்குது."

குழல்காரர் என் பக்கம் குனிந்தார். "எத்தனையில வெச்சிருக்க பாப்பா?"

"மூணு கட்டைங்கண்ணே. ஒரு கட்டைக்கு ரெண்டுன்னு, மைனஸ் நாலு."

அவர் கீபோர்டில் ஐந்தாம் கட்டையின் மேல் விரலை வைத்தார். "எறங்கி வா."

கறுப்பு, ஒன்று. நாலாம் கட்டை, இரண்டு. அடுத்தது வெள்ளை. அதுவே மூன்றாம் கட்டை.

"நாலுக்கும் மூணுக்கும் நடுவுல கறுப்பு எங்க இருக்கு? படிச்ச புள்ளைங்க எண்ணிப் பாக்கக் கூடாதா?"

மைனஸ் மூன்று. ஏழு டிராக்கையும் ஒவ்வொன்றாக மாற்றினேன். அதுவரை மாஸ்டர் மைக்கில் மணமக்களை வாழ்த்திக்கொண்டிருந்தார், இரண்டு முறை. பாட்டு மறுபடி தொடங்கியது, கடைசிவரை போனது. அடுத்தவற்றையும் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்டே ஓட்டினேன். எதுவும் நிற்கவில்லை.

சாப்பிடும்போது மாஸ்டருக்கு எதிரே உட்கார்ந்து, தப்பு என்னுடையது என்று சொன்னேன்.

"யாரு தப்பா இருந்தா என்ன தங்கச்சி? மைக்குல கேட்டது அக்கா கொரலு. பொண்ணு வூட்டுக்காரங்க என்கிட்ட பெட்டியப் பத்தியா கேட்டாங்க?"

"பெட்டி தப்பா இருந்தா விருத்தாசலத்துப் பொண்ணு பாடியிருந்தாலும் அப்படித்தாங்க கேட்டிருக்கும்."

பாயசத்தைக் குடித்துக்கொண்டிருந்த அக்கா தலையை நிமிர்த்தாமல் சொன்னார்: "அவ பாடியிருந்தா பெட்டி ரிப்பேருன்னு சொல்லியிருப்பாரு."

குழல்காரர் சிரித்தார். மாஸ்டர் இலையை மூடினார். வேனில் ஏறும்போது மாஸ்டரிடம், ஞாயிற்றுக்கிழமை எல்லாப் பாட்டையும் குழலோடு ஒரு தடவை பார்த்துவிடலாம் என்று சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை ஆண்டிமடத்துக்காரர் வந்திருந்தார்.

அன்று இருபத்திரண்டையும் ஓட்டினோம். பதின்மூன்று பாட்டு அக்காவுக்குச் சரியாக இருந்தது. ஒன்பதில் உச்சி மூன்று கட்டையிலும் எட்டவில்லை. இன்னும் இறக்கினால் பேஸ் வெறும் உறுமலாகிவிடுகிறது. எட்டாததை எட்டியதாக அக்கா சொல்லவில்லை. நானும் எழுதவில்லை.

இது நடந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. ஜெயங்கொண்டத்துப் பேச்சு வந்தால் மாஸ்டர் இன்னும் அக்காவின் தொண்டையைத்தான் சொல்கிறார். நான் பக்கத்தில் இருந்தால் திருத்துகிறேன், கேட்டுக்கொள்கிறார். குழுவில் இப்போது இரண்டு பாடகிகள். ஐந்து கட்டையில் ஒன்பது பாட்டு விருத்தாசலத்துப் பெண்ணுக்கு, மூன்றில் பதின்மூன்று அக்காவுக்கு.