விசிலுக்காகக் கட்டின பல்லு

எனக்கு முன்பல்லு ரெண்டும் போனதுக்குக் காரணம் ஒரு ஆடு. வெள்ளிமலைக்கு ஏறற வழியில ஒரு வளைவுல எங்க பஸ்சுக்குக் குறுக்க பூந்துச்சு. டிரைவரு பிரேக்க மிதிச்சாரு, ஆடு பொழச்சுது. நான் போய் முன்சீட்டுக் கம்பியில வாயக் குடுத்தேன். வெறும் வாயா இருந்திருந்தா ஒதடு கிழிஞ்சதோட போயிருக்கும். பல்லுக்கு நடுவுல இரும்பு விசிலு இருந்துச்சு. ஒரு பல்லு அங்கயே வுழுந்துடுச்சு, ஆடிக்கினு இருந்த இன்னொண்ண மறுநாளு புடுங்கினாங்க.

நான் கள்ளக்குறிச்சிலேருந்து கரியாலூரு பக்கம் போற பிரைவேட் பஸ்சுல கண்டக்டரு. கண்டக்டருங்க ஏன் விசில பல்லாலயே கடிச்சிக்கினு இருக்காங்கன்னு கேக்கறவங்க ஒருநாளு மலை வண்டியில ஏறிப் பாக்கணும். ஒரு கையில நோட்ட மடிச்சி வெரலு சந்துல சொருவிக்கினு, இன்னொரு கையால டிக்கெட்டு கிழிக்கணும். வளைவு வந்தா ஒடம்ப கம்பியில சாச்சிக்கணும். விசிலுக்குன்னு மூணாவது கை எவனுக்கு இருக்குது? பல்லுதான் அந்த மூணாவது கை.

அந்தக் கை போனதுக்கு அப்பறம் பட்ட பாடு கொஞ்சமில்ல. ஒதட்டால கவ்வினா வழுக்குது. ஊதினா காத்து சந்துல போவுது. "இன்னா கண்டக்டரே, பல்லு போனா சொல்லு போச்சும்பாங்க, ஒனக்கு விசிலும் போச்சா?"ன்னு ஒருத்தன் கேட்டான். "மொதல்ல சில்லறைய எடு, அப்பறம் பழமொழி சொல்லலாம்"னு எரிஞ்சி வுழுந்தேன். எனக்கு எப்பவுமே மூக்கு மேல கோவம். இப்ப அதுகூட முழுசா வரமாட்டேங்குது, அலுப்பாத்தான் வருது. வயசு அம்பதத் தாண்டிடுச்சு.

கிண்டல பொறுத்துக்கலாம். கடைசி ஸ்டாப்புல நடந்ததத்தான் பொறுக்க முடியல. கரியாலூரத் தாண்டி எங்க வண்டி நிக்கற ஊருல பஸ்சு திருப்ப எடம் கம்மி. பின்னால பள்ளம். வண்டி பின்னால வரும்போது நான் எறங்கி, பள்ளத்தோரம் நின்னு, சின்னச் சின்னதா ஊதிக்கினே இருக்கணும். நீளமா ஒண்ணு ஊதினா டிரைவரு நிறுத்திடணும். அன்னைக்கு மழ. விசிலு வாயிலேருந்து நழுவி சேத்துல வுழுந்துடுச்சு. பொறுக்கலாம்னு குனிஞ்சேன். நிமுந்து பாத்தா பின்சக்கரம் ஓரத்துக் கல்லுல வந்து நிக்குது. உள்ள இருந்த பொம்பளைங்க கூச்சல் போட்டாங்க.

சேதி முதலாளி காதுக்குப் போச்சு. "விசிலு ஊத முடியாதவன எப்படிய்யா மலை ரூட்டுல ஏத்தறது? பல்லு கட்டிக்கினு வா. இல்லன்னா வேற ஆளப் போட்டுக்கறேன்"னாரு. இந்த வண்டி போனா எனக்கு வேலையே போன மாதிரிதான். நரைச்ச கண்டக்டர வேற எவன் சேத்துப்பான்? டிரைவரும் "சீக்கிரம் கட்டிக்கினு வாய்யா, புது ஆளு எனக்கு வாணாம்"னு கெஞ்சாத கொறையா சொன்னாரு. நானும் அவரும் அந்த மலையில ஒண்ணா ஏறி எறங்கறது இன்னைக்கி நேத்து இல்ல. என்னவிட மூத்தவரு, அண்ணேன்னுதான் கூப்புடுவேன்.

கள்ளக்குறிச்சியில ஒரு மாடியில பல்லு ஆஸ்பத்திரி. டாக்டரம்மா சின்ன வயசு, பொறுமையா பேசினாங்க. கழட்டி மாட்டற பல்லு வேணுமா, ஒட்ட வெக்கற பிரிட்ஜ் வேணுமான்னு கேட்டாங்க. கழட்டறது விசிலோட சேந்து பள்ளத்துல போயிடும்னு நெனைச்சி, ஒட்ட வெக்கறதே போடுங்கன்னேன். விசிலுக்குத்தான்னு வாயத் தொறந்து சொல்லல, மனசுக்குள்ளதான் நெனைச்சேன். அதுதான் நான் பண்ணின தப்பு.

"போன எடத்துக்கு ரெண்டு பக்கமும் இருக்கற நல்ல பல்ல சுத்தியும் அரைச்சி சின்னதாக்கணுங்கய்யா. அதும்மேல நாலும் சேந்த ஒரே துண்டா மாட்டிடுவோம்."

"நல்ல பல்லையா?"

"ஆமாங்கய்யா. அதுங்கதான தாங்கணும்."

எங்க ஷெட்டுல ஒரு கண்டக்டரு நின்னுட்டா, முதலாளி ஒடனே புது ஆளு எடுக்க மாட்டாரு. இருக்கற ரெண்டு பேரும் டபுள் டூட்டி பாத்துத் தேயணும். வாய்க்குள்ளயும் அதே சட்டந்தான்போல.

ஊசி போட்டு அரைச்சாங்க. கொம்பு தீஞ்ச மாதிரி ஒரு நாத்தம். வலி இல்ல. ஆனா நாக்கால தொட்டுப் பாத்தா ரெண்டு குச்சிதான் தட்டுப்படுது. எனக்குக் கண்ணு கலங்கிடுச்சு. ஒரு கொறையும் இல்லாத பல்லுங்க. மொளைச்ச நாள்லேருந்து என்னத் தொந்தரவே பண்ணினது கெடையாது. சும்மா இருந்ததுங்கள புடிச்சி இப்படி அரைச்சிப்புட்டேனேன்னு இருந்துச்சு. அப்பறம் மாவு மாதிரி எதையோ வாயில அமுக்கி அச்சு எடுத்தாங்க. வெத்தலைக் கறைக்குப் பொருந்தறாப்ல கலரு பாத்தாங்க. அனுப்பி வெச்சி, மறுபடி வரச் சொன்னாங்க. லீவு போட்டுக்கினு போனேன், வந்தேன்.

பல்லு வந்து, ஒட்டி, கண்ணாடியக் கையில குடுத்தாங்க. "சிரிங்கய்யா." சிரிக்கல. சட்டைப் பையிலேருந்து விசில எடுத்து நறுக்குனு கடிச்சேன். அப்பாடா, நின்னுச்சு!

டாக்டரம்மா பதறிப் போயிட்டாங்க. "ஐயா, என்ன பண்றீங்க? எடுங்க, எடுங்க!"

"இதுக்குத்தானம்மா கட்டினது."

"இதுக்கா? முன்பல்லால கரும்பு கடிக்கக் கூடாது, முறுக்கு கடிக்கக் கூடாதுன்னு அன்னைக்கே சொன்னேனே."

"விசிலுன்னு சொல்லலியேம்மா."

"நீங்களும் சொல்லலியே. பேசறதுக்கு, மொகத்துக்குன்னு நெனைச்சேன். நாளு முழுக்க இரும்பக் கடிச்சிக்கிட்டு பஸ்ல குலுங்கினா, தாங்கற பல்லு ரெண்டும் ஆடிடும். அப்பறம் நாலும் போயிடுங்கய்யா."

அவங்க சொன்னதும் சரி. நான் நெனைச்சதும் சரி. ஆனா அரைச்சது அரைச்சதுதான? வூட்டுல பொண்டாட்டி பாத்துட்டு, "மூஞ்சி லட்சணமாத்தான இருக்குது, அப்பறம் ஏன் எழவு வுழுந்தாப்ல ஒக்காந்துங்கீற?"ன்னா. விசிலச் சட்டையோட ஆணியில மாட்டிட்டுப் படுத்துட்டேன்.

மறுநாளு மலைக்கு ஏறினோம். விசில கையிலயே வெச்சிக்கினு ஊதினேன். சில்லறைய ரெண்டு வாட்டி கீழ வுட்டேன். கடைசி ஸ்டாப்புல டீ குடிக்கும்போது டிரைவர்கிட்ட சொல்லிட்டேன். "அண்ணே, இந்தப் பல்லால விசில கடிக்கக் கூடாதாம். மழ பேஞ்சா மறுபடி அதே கததான். முதலாளிகிட்ட நானே சொல்லிட்டு நின்னுடறேன். ஒங்களுக்கு ஒண்ணு ஆச்சுன்னா என்னால தாங்க முடியாது."

அவரு டீய கீழ வெச்சாரு. அக்கம் பக்கம் பாத்தாரு.

"யோவ், ஒண்ணு சொல்றேன், கத்தாத. நீ எறங்கி நின்னு ஊதறது எனக்குக் கேக்கறதே இல்ல. இஞ்சினு பக்கத்துலயே ஒக்காந்து ஒக்காந்து காது போயிடுச்சு. வண்டிக்குள்ள ஊதினா ஏதோ கொஞ்சம் கேக்குது. வெளிய எறங்கினா சுத்தமா இல்ல. ஒன் மூஞ்சிய கண்ணாடியில பாத்துதான்யா நான் பின்னால எடுக்கறேன். ஒனக்கு பயம் வந்தா மூஞ்சியிலயே தெரியும், நிறுத்திடுவேன். அன்னைக்கி நீ குனிஞ்சிட்ட. ஆளக் காணோமேன்னு மிதிச்சேன். கல்லு இருந்துச்சு, பொழச்சோம்."

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்! "அடப்பாவி மனுசா! ரெண்டு நல்ல பல்ல அரைச்சிக்கினு வந்து நிக்கறேனே! இத மின்னாடியே சொல்ல வாயில்லியா ஒனக்கு?"ன்னேன். அண்ணேன்னு கூப்புட வரல.

"சொன்னா நீ பயந்து, இந்த வண்டி வாணாம்னு முதலாளிகிட்ட போயிருப்ப. புதுசா ஒருத்தன் வந்தா, அவன் மூஞ்சிய நான் எப்ப படிச்சி முடிக்கறது?"

"காதுக்கு மெஷினு மாட்டிக்கறதுதான? இன்னா கேடு?"

"ஒன் பல்லு வாய்க்குள்ள இருக்குது, பொய்ப்பல்லுன்னு எவனுக்கும் தெரியாது. என் மெஷினு காதுல தெரியுமேய்யா. முதலாளி மறுநாளே சாவிய வாங்கிக்குவாரு."

அவரு பேத்தி நர்சிங் படிக்கறா, அந்தாளு சம்பளத்துலதான். அது எனக்குத் தெரியும். அவரு முகத்தப் பாக்கவும் முடியல, பாக்காம இருக்கவும் முடியல.

அதுக்குள்ள ஜனங்க வந்து ஏறிட்டாங்க. மரவள்ளி மூட்டைய படியில போட்டு, "கண்டக்டரே, மேல ஏத்துங்க"ன்னு ஒரு பொம்பள. மடியில தூங்கற கொழந்தையோட இன்னொருத்தி கடைசி சீட்டுல, பள்ளத்துப் பக்கம் பாத்து ஒக்காந்தா. டைம் ஆயிடுச்சு. டிரைவரு ஏறி வண்டிய எடுத்தாரு. நான் எறங்கினேன்.

கண்ணாடிக்கு நேரா, அவருக்கு என் மூஞ்சி தெரியற எடமா பாத்து நின்னேன். விசில ரெண்டு வெரலால புடிச்சி ஊத ஆரமிச்சேன். அவரு அதக் கேக்கலன்னு எனக்குத் தெரியும், நான் ஊதறேன்னு அவருக்குத் தெரியும். உள்ள ஒக்காந்திருக்கறவங்களுக்குத்தான் ஊதினேன். விசிலு சத்தம் கேட்டுச்சு, அந்தப் பொம்பள கொழந்தைய மடியில சரியா சாச்சிக்கினு கண்ண மூடிக்கினா.