மாப்பிள்ளையே பாடிய ஏசல்

அவனுடைய பழைய காரில் ஏ.சி.யை நிறுத்தினால்தான் ஒலிப்பதிவு செய்ய முடியும். வளைகுடாத் தொழிற்பேட்டையான முசஃபாவின் பட்டறை இரைச்சல் உள்ளே வராதபடி கண்ணாடிகளைப் போர்வையால் மூடிக்கொண்டு, வியர்வை வழிய வழிய அவன் கிதார் வாசிப்பான், நான் பாடுவேன். அவன் புதுக்கோட்டைக்காரன், வெல்டிங் பட்டறையில் சூப்பர்வைசர். நான் யாழ்ப்பாணத்துக்காரி, ஒரு கிளினிக்கின் வரவேற்பு மேசையில் வேலை. அவனுக்குத் தொழிலாளர் கேம்ப், எனக்கு வேறு பெண்களோடு பங்கிட்ட அறை. ஆகவே காதலித்ததும் நாட்டுப்பாட்டு ஆல்பம் செய்ததும் அந்தக் காருக்குள்தான். ஆல்பம் வெளியானதும் கல்யாணம் என்று அடிக்கடி சத்தியம் செய்வான்.

கடைசிப் பாட்டு மட்டும் மீதியிருந்தபோது ஒரு மாலை, போனை விட்டுவிட்டுக் கரக் டீ வாங்க இறங்கினான். அவன் அம்மாவின் அழைப்பு வந்தது. வெளியே போயிருக்கிறார் என்று சொல்லத்தான் எடுத்தேன். நான் வாய் திறக்கும் முன்பே கார் ஸ்பீக்கர் பேசியது: "தம்பி, பொண்ணு வீட்ல தையிலேயே வச்சுக்கலாங்கறாங்க. பாட்டுப் பாட வருதே, அந்தப் புள்ளகிட்ட சொல்லிட்டியா இல்லையா?"

துண்டித்தேன். டீயோடு வந்தவனிடம் எதுவும் கேட்கவில்லை. அழுதால் சமாதானம் செய்வான். எனக்குச் சமாதானம் வேண்டியிருக்கவில்லை.

கடைசிப் பாட்டை ஏசலாக எழுதினேன். கல்யாண வீட்டில் மாப்பிள்ளையைக் கேலி செய்யும் பாட்டு. அவனையே வரிவரியாக எழுதினேன்: மீசைக்குப் பூசும் சாயம், படம் எடுக்கும்போது உள்ளிழுக்கும் வயிறு, மூச்சுக்கு மூச்சு சொல்லும் சத்தியம். அவன் விழுந்து விழுந்து சிரித்தான். "யாரு புள்ள இந்த மாப்பிள்ள? பாவம்!"

"ஊரில ஒருத்தர். நீங்கள் பாடினால்தான் நல்லா இருக்கும்."

ரசித்துப் பாடினான். பிறகு தங்கைக்கு வளைகாப்பு என்று சொல்லி லீவில் போனான். கடைசி அடிகளை நான் தனியே பாடிச் சேர்த்து, ஆல்பத்தை வெளியிட்டேன்:

"பாலைவனக் காருக்குள்ள பாட ஒருத்தியாம் – அவரு
பந்தலுல தாலி கட்ட வேறொருத்தியாம்."

அவன் கல்யாண நலங்கின்போது, மாப்பிள்ளை பாடிய பாட்டாயிற்றே என்று பெண் வீட்டுப் பிள்ளைகள் அதைப் பெரிய ஸ்பீக்கரில் போட்டிருக்கிறார்கள். மீசை வரிக்குக் கூட்டமே சிரித்ததாம். என் குரல் வந்ததும் ஒருவரும் சிரிக்கவில்லையாம். அவன் போனில் கத்தித்தான் இவ்வளவும் எனக்குத் தெரிந்தது. "என் வாயாலேயே என்னை நாறடிச்சிட்டியேடி!"

"நல்லாப் பாடியிருந்தீங்கள்," என்றேன்.

கல்யாணம் நிற்கவில்லை. இப்போது அவன் இதே நாட்டில் ருவைஸ் என்ற ஊரில் வேலை செய்கிறான், மனைவியும் உடன் வந்திருக்கிறாள். நேற்று எனக்கு ஒரு குரல் செய்தி வந்தது. முன்பின் கேட்டிராத, நிதானமான குரல்.

"அக்கா, நான் அவரோட வைஃப். அந்தப் பாட்டுக்கு இன்னும் நாலு வரி சேர்க்கிற அளவுக்கு என்கிட்ட விஷயம் இருக்கு. எழுதித் தருவீங்களா?"

மெட்டு நினைவிருக்கிறதா என்று கேட்டேன். பாடியே காட்டினாள். நல்ல குரல்.