மணிமொழி கடைச் சத்தியம்

சங்கராபுரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே என் ஃபேன்சி ஸ்டோரை ஒட்டியே இருக்கிறது மணிமொழியின் செல்போன் கடை. நடுவில் ஒரே சுவர். அங்கே நடப்பதெல்லாம் என் காதில் விழும். விழாவிட்டால் நானே போய்க் கேட்டுவிடுவேன். அந்த உரிமையில் சொல்கிறேன்: இந்த ஊரில் கெட்டிக்காரி யாரென்றால் அவளைத்தான் காட்டுவேன். பிடிவாதக்காரி யாரென்று கேட்டாலும் அவளைத்தான்.

சின்னசேலத்தில் பிறந்தவள். கல்யாணமாகி இங்கே வந்த பிறகு கள்ளக்குறிச்சிக்குப் போய்வந்து ரிப்பேர் வேலை கற்றாள். பொம்பளைக்கு எதற்கு இந்த வேலை என்று கேட்டவர்களெல்லாம் இன்று உடைந்த டிஸ்பிளேவோடு அவள் முன்னால் நிற்கிறார்கள். எனக்கு அதைப் பார்க்கப் பார்க்கச் சந்தோஷம்.

ஒரு தடவை தியாகதுருகத்துக்காரர் ஒருவர், மாட்டுத் தொட்டியில் விழுந்த போனைக் கொண்டுவந்தார். கூடவே அவர் பையன். அப்பா டீ குடிக்கப் போன நேரத்தில் மணிமொழி அவனிடம் மெதுவாக விசாரித்தாள். போன் விழவில்லை, அவனே போட்டிருக்கிறான். முகம் தெரியாத எவனோ மிரட்டிச் செய்தி அனுப்பியிருக்கிறான். அதை அப்பா பார்த்தால் தோலை உரித்துவிடுவார் என்று பயம். மிரட்டினவனைவிடப் பெற்றவருக்குத்தான் அந்தப் பிள்ளை அதிகம் பயந்திருக்கிறது. மணிமொழி அப்பாவை உட்காரவைத்து வெகுநேரம் பேசி அனுப்பினாள். அன்று மத்தியானம் அவள் சாப்பாட்டைத் தொடவில்லை.

அதிலிருந்து அவள் கடையில் ஒரு வழக்கம் வந்தது. பிள்ளைகள் கைக்குப் போகும் போன் என்றால், தெரியாத ஆட்கள் பேச முடியாதபடி எதையெதை அடைக்க வேண்டும் என்று பெற்றவருக்குக் காட்டுவாள். பிறகு பெற்றவர் பிள்ளையின் உள்ளங்கையில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும்: “போன்ல நடந்தத நீ எங்கிட்ட சொன்னா அடிக்க மாட்டேன், போனப் புடுங்க மாட்டேன்.” செய்யாதவர்களுக்குப் போன் கிடையாது. அதில் கோபித்துக்கொண்டு வேறு கடைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும் என்பாள்.

மலர்விழி களை வெட்டப் போகிறவள். கோபம் வந்தால் வாய்க்கு முன்னால் கை பேசும். மூன்றாம் வகுப்பு படிக்கும் மகள் தேவிப்ரியாவோடு போன் வாங்க வந்த அன்று, இந்தச் சத்தியத்தைக் கேட்டதும் அவளுக்கு எரிச்சல் பொத்துக்கொண்டு வந்தது.

“எம் பொண்ண அடிக்கிறதுக்கு உங்கள கேக்கணுமாங்க்கா?”

“கேக்க வேணாம் மலரு. அடிக்க மாட்டேன்னு சொல்லிட்டு எடுத்துக்கினு போ.”

“நாலு போட்டாதான் இதுங்க அடங்கும்.”

“அடங்கும். அப்புறம் இன்னா நடந்தாலும் வாயத் தொறக்காது.”

எதிரே அவர்கள் ஊருக்குப் போகும் பேருந்துக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தான். தேவிப்ரியா கையை நீட்டிக்கொண்டு நின்றாள். மலர்விழி சத்தியம் செய்தாள். செய்த வேகத்தில் அதுவே ஒரு அடி மாதிரிதான் இருந்தது.

போன ஆடியில் ஒரு நாள், வேலைக்குப் போகாமல் மகளை இழுத்துக்கொண்டு வந்தாள். முகம் செத்திருந்தது. தோழி சொன்னாள் என்று தேவிப்ரியா போனில் புதிதாக ஒரு விளையாட்டை ஏற்றியிருக்கிறாள். அதில் ஒருவன் நைசாகப் பேசிப் பழகி, அவள் படத்தை அனுப்பச் சொல்லியிருக்கிறான். அம்மாவிடம் சொல்லக் கூடாது என்றும் சொல்லியிருக்கிறான். பிள்ளை சொல்லிவிட்டது.

“கைய ஓங்கிட்டேங்க்கா,” என்றாள் மலர்விழி. “இது ஓடல, அழுவல. உள்ளங்கைய நீட்டிக்கினு நிக்குது. ‘மணிமொழி அத்தை கடையில அடிச்சியேம்மா’ன்னு கேக்குது. எனக்குக் கையி அப்பிடியே நின்னுப்போச்சி.”

மணிமொழி முதலில் பிள்ளையின் பக்கம் குனிந்தாள். “படம் அனுப்புனியா கண்ணு?”

“இல்ல அத்தை.”

“அனுப்பியிருந்தாலும் ஒம் மேல தப்பில்ல. சொன்ன பாரு, அதான் பெரிசு.”

அந்தச் செய்திகளை அழிக்க விடவில்லை. எல்லாவற்றையும் படமாக எடுத்து வைத்துக்கொண்டு, அவன் கணக்கின் மேல் புகார் கொடுத்து, அவனை அடைத்தாள். குழந்தைகளுக்கான 1098 எண்ணுக்கு மலர்விழியையே பேச வைத்தாள். நடுக்கத்தோடு ஆரம்பித்தவளின் குரல் முடிக்கும்போது கணீரென்று இருந்தது. சுவருக்கு இந்தப் பக்கம் இருக்க முடியாமல் நானும் போய் நின்றுகொண்டிருந்தேன். அந்த மூவரையும் பார்க்க எனக்குப் பெருமையாக இருந்தது.

பேசி முடித்ததும் மலர்விழி போனை மேசைமேல் தள்ளினாள். “இந்தச் சனியன் எங்களுக்கு வேணாங்க்கா. நீங்களே வெச்சிக்குங்க.”

 தேவிப்ரியா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். மணிமொழி போனைத் தொடவில்லை.

மலர்விழியும் அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு போனை எடுத்து மகள் கையில் வைத்து, விரல்களை மூடினாள்.

“வூட்டுக்குப் போனதும் நீ இன்னா வெளையாடுறன்னு எனக்கும் சொல்லிக் குடு,” என்றாள்.