தூசி என்று நான் சொன்ன புள்ளி

ஓரிக்கை சாலையில் ஸ்கூட்டரிலிருந்து விழுந்து கால் எலும்பு முறிந்தது. ஆபீசுக்கு லீவு சொல்லிவிட்டு, சின்ன காஞ்சிபுரம் வீட்டில் கட்டுப்போட்ட காலோடு கிடந்தேன். ஒரு நாள் மத்தியானம் என் கல்லூரித் தோழி லேப்டாப்போடு வந்தாள். முசரவாக்கத்தில் வாழ்க்கைப்பட்டவள், பள்ளியில் வேதியியல் டீச்சர். அவளுக்குக் கோடை விடுமுறை.

"சும்மாதானடி படுத்துக்கினு இருக்கே? வா, சிறுகோள் தேடலாம்."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்றுதான் நினைத்தேன். அவள் விளக்கினாள். வெளிநாட்டில் ஒரு தொலைநோக்கி, வானத்தின் ஒரே இடத்தைச் சற்று இடைவெளி விட்டு நான்கு முறை படம் எடுக்கிறது. பதிவு செய்துகொண்டவர்களுக்கு அந்தப் படங்களை அனுப்புகிறார்கள். மாற்றி மாற்றி ஓட்டினால் நட்சத்திரங்கள் நின்ற இடத்தில் நிற்கும். சூரியனைச் சுற்றும் பாறையான சிறுகோள் மட்டும் நகரும்.

முதல் வாரம் மூன்று புள்ளிகளை அனுப்பினோம். இரண்டு, ஏற்கெனவே யாரோ கண்டுபிடித்தவை. மூன்றாவது கேமராவின் கோளாறு. எனக்கு அலுத்துவிட்டது.

கண்டதை அனுப்பிவைக்கக் கொடுத்திருந்த கெடுவின் கடைசி நாளில் படத்தின் ஓரத்தில் மங்கலாக ஒன்று தெரிந்தது. "தூசிடி, விடு" என்றேன்.

அவள் திரைக்குள் தலையை விட்டுவிடுவாள் போலக் குனிந்தாள். "நல்லா பாரு. நாலுலயும் இருக்குது. நேரா நகர்ந்துக்கினே போவுது."

"திருப்பி அனுப்பிடுவாங்க. மானம் போவும்."

"போனா போவட்டும். அரை மணி நேரந்தான் இருக்குது, டைப் பண்ணு."

வேண்டாவெறுப்பாகத்தான் அடித்து அனுப்பினேன்.

சில வாரம் கழித்து, ஊன்றுகோல் இல்லாமல் கடைத்தெருவரை நடந்து பூ வாங்கிக்கொண்டிருந்தேன். போன் அடித்தது. ஸ்டாஃப் ரூமிலிருந்து கத்தினாள்: "அது புதுசாம்டி! தற்காலிக நம்பர் குடுத்திருக்காங்க!"

அதன் பாதை உறுதியாகச் சில வருடங்கள் ஆகும். அதன்பிறகுதான் பெயர் வைக்கும் பேச்சே. இருந்தாலும் நடுத்தெருவில் எனக்குக் கண் கலங்கிவிட்டது.

"இன்னாமா, நல்ல சேதியா?" என்றார் பூக்கார அம்மா.

"ஒரு கல்லு கண்டுபிடிச்சிருக்கோம்மா."

"வைரமா?"

"சாதாக் கல்லுதான். வானத்துல சுத்திக்கினு இருக்குது."

"அங்கயே இருக்கட்டும்மா, தலையில விழாம" என்று சிரித்தபடி பூவை நறுக்கித் தந்தார்.

அன்று மாலை தோழியிடம், "நான் தூசின்னு சொன்னேனே" என்றேன். "நீதானே டைப் பண்ணே" என்றாள். ஒருத்தி வேண்டாம் என்றாலும் மற்றவள் அனுப்பலாம் என்று இப்போது எங்களுக்குள் ஓர் ஏற்பாடு. புதிய படங்கள் நேற்று வந்துவிட்டன. ஞாயிற்றுக்கிழமை நான்தான் முசரவாக்கம் போகிறேன், ஸ்கூட்டரில்.