கோட்டுக்கு ஆள் இல்லாத ஆட்டம்

பையன்களின் கபடிக் களத்துக்கு நாற்காலிகள் வந்துவிட்டன. ஓரக்கோடு பார்ப்பவர்களுக்கு ஆளுக்கொன்று, புள்ளி எழுதுகிறவருக்கு மேசையோடு ஒன்று, நடுவர் இடைவேளையில் உட்கார ஒன்று. எங்கள் களம் மைதானத்தின் மறுகோடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், குச்சியால் கீறிய கோடுகளோடு கிடந்தது. அங்கே நாற்காலி எதுவும் வரவில்லை. நடுவராக ஒரு டிரில் மாஸ்டர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி நின்றார்.

ஆம்பூருக்குப் பக்கத்தில் ஓர் ஆண்கள் பள்ளியில் நடந்த வட்டாரப் போட்டி அது. நான் அப்போது ப்ளஸ் ஒன். எங்கள் வீட்டில் எனக்கு முன்னால் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அப்பா டேனரியில் சுண்ணாம்புக் குழியில் தோல் புரட்டுகிறவர். ஷூ கம்பெனியில் அப்பர் என்கிற மேல்தோல் தைக்க எனக்கு ஓர் இடம் சொல்லி வைத்திருந்தார். போட்டிக்கு முந்தின வாரம்தான் எங்களுக்குள் பேச்சு முடிந்தது.

"ஜில்லாவுக்குப் போய் ஆடுனா சர்டிபிகேட் குடுப்பாங்க, அத வச்சி டிரில் டீச்சர் படிப்புல சேரலாம்னு சொல்றியே. சரி. ஜெயிச்சி ஜில்லா போனியானா படி. இல்லன்னா கம்பெனிக்குப் போ. அப்புறம் அழக் கூடாது."

"அழ மாட்டேன்," என்றேன்.

வட்டாரத்தில் ஜெயிக்கிற பள்ளி மட்டுமே மாவட்டத்துக்குப் போகும். ஆகவே அந்த ஒரு நாள்தான் எனக்கு இருந்தது.

காலையில் அரையிறுதி. எங்கள் வட்டாரத்தில் அப்போது ஆடிய முறைப்படி, ஆட்டத்தில் ஓரக்கோட்டை மிதித்தாலே அவுட். கோடு தெளிவாக இருந்தால் அதில் குழப்பம் இல்லை. ஆனால் குச்சிக்கோடு பத்துப் பேர் ஓடினால் அழிந்துவிடும். களத்தின் மூலையில் நின்று பிடிக்கிற எங்கள் மூலைக்காரி எதிராளியின் கணுக்காலைப் பிடித்து மடக்கிக்கொண்டிருக்கும்போதே மாஸ்டர் விசில் ஊதினார்.

"கோட்ட மிதிச்சிட்ட. வெளிய போ."

அவள் குனிந்து மண்ணைப் பார்த்தாள். "கோடு எங்க சார் இருக்குது?"

"எனக்குத் தெரியும் எங்க இருக்குதுன்னு. போ."

அந்த ஆட்டத்தை எப்படியோ ஜெயித்தோம். ஆனால் சாப்பாட்டு நேரத்தில் புளிச்சோற்றுப் பொட்டலத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு அந்தக் கோட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம். மத்தியானம் குடியாத்தம் பெண்களோடு இறுதி ஆட்டம். தறிக்காரர் வீட்டுப் பெண்கள். கால் அசைவது தெரியாமல் நகர்கிறவர்கள். அவர்களோடு ஆடி ஒரு புள்ளியைக்கூட மாஸ்டரின் நினைவில் இருக்கும் கோட்டுக்குக் கொடுக்க முடியாது.

பையன்களின் களத்துக்குக் கோடு போட டேனரியிலிருந்து வந்த சுண்ணாம்பு ஒரு டின்னில் மிச்சம் இருந்தது. வாட்ச்மேனிடம் கேட்டோம்.

"மிச்சந்தானே, எடுத்துக்கோங்க. யாரு குடுத்ததுன்னு கேட்டா மட்டும் என்னச் சொல்லாதீங்க."

கிணற்றுக் கயிற்றை இழுத்துப் பிடித்து, குவளையால் ஊற்றிக்கொண்டே போனோம். சுண்ணாம்பு போதாது என்று தெரிந்ததும் தண்ணீரை ஜாஸ்தி ஊற்றிக் கலக்கினோம். சுண்ணாம்புக் குழிக்காரரின் மகளான எனக்கு அது சீக்கிரம் காயாது என்று தெரிந்திருக்க வேண்டும். தெரியவில்லை. நான்கு ஓரங்களுக்கும் ஒருவாறு போதுமானதாக இருந்தது. நடுக்கோட்டுக்கு இல்லை, அது குச்சிக்கோடாகவே இருந்தது.

ஆட்டம் தொடங்கும்போது ஓரங்கள் மோர் ஊற்றியதுபோல் ஈரமாகப் பளபளத்தன. மாஸ்டர் பார்த்தார். "யார் இத செஞ்சது? நாலு மணிக்குப் பையனுங்க மேட்ச் இருக்குது, இங்க கோலம் போட்டுனு இருக்கீங்க," என்றார். விசில் ஊதிவிட்டார்.

சிறிது நேரத்திலேயே எங்கள் மூலைக்காரியை மறுபடி கை காட்டினார். "மிதிச்சிட்ட."

அவள் மிதிக்கவில்லை. நான் பக்கத்தில் நின்றிருந்தேன். அப்போதுதான் எனக்கு அந்த எண்ணம் வந்தது. நான் அணித்தலைவி. "காலத் தூக்குடீ," என்றேன். அவள் ஒரு கையால் என் தோளைப் பிடித்துக்கொண்டு, பாதத்தை மாஸ்டரின் பக்கம் திருப்பிக் காட்டினாள். செம்மண் மட்டும் இருந்தது. வெள்ளை இல்லை. மறுகாலையும் காட்டினாள்.

வாத்தியார் முன்னால் கால்மேல் கால் போட்டு உட்காராத ஊர் எங்களுடையது. அங்கே ஒரு பெண் வாத்தியாரின் முகத்துக்கு நேராக உள்ளங்காலைக் காட்டி நின்றாள். அவளை அப்படி நிறுத்தியது நான்.

"எனக்குக் காலக் காட்டச் சொல்றியா நீ?" மாஸ்டரின் குரல் உயரவில்லை, அதுதான் பயமாக இருந்தது. "உங்க டீம எழுதித் தள்ளிடுவேன். இந்த வருஷம் இல்ல, எந்த வருஷமும் வர முடியாது."

நான் ஓரடி முன்னால் போனேன். "காலக் காட்டுனதுக்கு மன்னிச்சிடுங்க சார். அவுட் இல்லன்னு சொல்றதுக்கு மன்னிப்புக் கேக்க மாட்டேன். அங்க கோட்டப் பாக்க ரெண்டு பேர் குந்தினு இருக்காங்க. இங்க யாரும் இல்ல. வேற எதப் பாக்கச் சொல்றது சார்?"

வேலியோரம் நின்ற பையன்களில் ஒருவன், "ஷூ கம்பெனிக்குக் கால் அளவு குடுக்கறாங்கடா," என்றான். எல்லாரும் சிரித்தார்கள். மாஸ்டர் பாக்கெட்டிலிருந்து பேனாவை எடுத்துவிட்டார்.

குடியாத்தம் பெண்களின் பி.டி. டீச்சர் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். எங்களுக்கு எதிராகப் பேசப்போகிறார் என்றுதான் நினைத்தேன்.

"மாஸ்டர், பொண்ணு செஞ்சது தப்புதான். ஆனா உங்களுக்கு இருக்கறது ரெண்டு கண்ணு, கோடு நாலு பக்கம் இருக்குது. நீங்க விசில் ஊதுங்க. காலு விவகாரத்த பொம்பளைங்க நாங்க பாத்துக்கறோம். அவங்க டீம் கால நான் பாக்கறேன், எங்க டீம் கால அவங்க டீச்சர் பாக்கட்டும்."

எங்களோடு வந்தவர் தையல் டீச்சர். கபடியில் எத்தனை பேர் என்பதுகூட அவருக்குத் தெரியாது. மூக்குக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு, "ஊசியில நூல் கோக்கற கண்ணுதான், பாத்துடறேன்," என்றார்.

மாஸ்டர் கடிகாரத்தைப் பார்த்தார். பேனா பாக்கெட்டுக்குள் போனது. "என்னமோ செய்ங்க. நாலு மணிக்கு எனக்கு அங்க வேல."

எங்கள் மூலைக்காரி உள்ளே திரும்பினாள். அதற்குப் பின் சந்தேகம் வந்தபோதெல்லாம் ஆட்டம் நின்றது. யாரைப் பற்றிப் பேச்சோ அவள் ஒற்றைக்காலில் நின்று டீச்சரிடம் பாதத்தைக் காட்டுவாள். வெளியேறிப் போகிறவர்களும் திரும்பி வருகிறவர்களும் களத்தோரம் விரித்திருந்த கோணியில் காலைத் துடைத்துக்கொள்ள வேண்டும். குடியாத்தம் பெண் ஒருத்தி தன் குதிகாலைத் தானே பார்த்துவிட்டு, யாரும் சொல்லுமுன் வெளியே நடந்தாள். இடைவேளையில் அவர்களுடைய டீச்சரே குவளையில் தண்ணீர் கொண்டுவந்து, காய ஆரம்பித்த கோட்டை நனைத்துக்கொண்டு போனார். பையன்கள் சிரிப்பதை விட்டுவிட்டுக் களத்தை ஒட்டி வந்து குந்தியிருந்தார்கள்.

கடைசிப் பாட்டு என்னுடையது. ஒரு புள்ளி பின்தங்கியிருந்தோம். இரண்டு பேரைத் தொட்டுத் திரும்பினால் ஜெயிப்போம். ஜெயித்தால் மாவட்டம், பள்ளிக்கூடம், எல்லாம். மூச்சைப் பிடித்துப் பாடிக்கொண்டு போனேன். வலப்பக்கம் ஒருத்தி பாய்ந்தாள். விலகி, இடதோரமாகச் சுழன்று, அவள் தோளையும் பக்கத்தில் நின்றவள் விரலையும் தொட்டேன். நடுக்கோட்டுக்கு இப்பால் வந்து விழுந்தபோது விசில் கேட்டது. மாஸ்டர் இரண்டு விரலைக் காட்டினார்.

"ரெண்டு. முடிஞ்சிது. கெளம்புங்க."

எங்கள் பெண்கள் ஓடிவந்தார்கள். குடியாத்தம் அணித்தலைவி நகரவில்லை. "ஓரமா போனா. பாதம் பாக்கலையே," என்றாள்.

"நான்தான் குடுத்துட்டேனே. போதும் உங்க கால் பஞ்சாயத்து," என்றார் மாஸ்டர்.

என் இடது குதிகால் வெடிப்பு எரிந்துகொண்டிருந்தது. சுண்ணாம்பு பட்டால் வெடிப்பு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். அப்பாவின் கைகளைப் பார்த்து வளர்ந்தவள். மூலைக்காரி என் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, உதடு அசையாமல் சொன்னாள்: "மண்ணுல தேச்சிக்கோடீ. ஒரு தேய் தேச்சா போதும்."

போதும்தான். என் கீழே காய்ந்த புழுதி இருந்தது. மாஸ்டரும் என் பக்கம்தான் இருந்தார். குடியாத்தம் டீச்சர் குடையோடு நடந்து வந்துகொண்டிருந்தார்; அவர் வந்து சேர நேரம் இருந்தது. நான் நல்லவள் என்பதால் தேய்க்காமல் நின்றேன் என்று சொல்ல மாட்டேன். 'காலத் தூக்குடீ' என்று அத்தனை பேர் முன்னால் சொன்ன வாய் என்னுடையது. அதே கூட்டம் இப்போது என் காலைப் பார்த்துக்கொண்டிருந்தது. தேய்த்தால் அந்த மாஸ்டர் சொன்னதெல்லாம் சரி என்று ஆகிவிடும். அவரிடம் தோற்பதற்கு எனக்கு மனம் வரவில்லை.

காலைத் தூக்கினேன். நான் பார்க்கவில்லை, டீச்சரின் முகத்தைத்தான் பார்த்தேன்.

"வெள்ள இருக்குதும்மா," என்றார் மெதுவாக.

"தெரியும் டீச்சர்."

மாஸ்டர் தலையை ஆட்டிக்கொண்டு கையை மாற்றிக் காட்டினார். நாங்கள் தோற்றோம். மூலைக்காரி வீடு வரும்வரை என்னோடு பேசவில்லை.

பையன்களின் இறுதி ஆட்டத்தைப் பார்த்துவிட்டுத்தான் கிளம்பினேன். அங்கேயும் ஒரு கோட்டுச் சண்டை வந்தது. நாற்காலிக்காரர்கள் இருவரும் ஆளுக்கொன்று சொன்னார்கள். புத்தகம் எடுத்துவரப்பட்டது, தலைமையாசிரியர் வந்தார், எல்லாருக்கும் சோடா வந்தது. பிறகு அந்தப் பாட்டை முதலிலிருந்து ஆடச் சொன்னார்கள். வெளிச்சம் மங்கும்வரை யாரும் கடிகாரம் பார்க்கவில்லை. எங்களை நாலு மணி நாலு மணி என்று விரட்டியவர் நாற்காலியில் சாய்ந்து பொறுமையாக இருந்தார்.

எனக்கு முன்பே செய்தி வீட்டுக்குப் போய்விட்டது. அப்பா வாசலில் நின்றார்.

"வாத்தியாருக்குக் காலக் காட்டச் சொன்னியாமே."

"ஆமாப்பா."

"ஜெயிச்சியா?"

"இல்ல."

"அப்ப கம்பெனி."

"சரி."

அம்மாதான் தாங்காமல் பேசினாள். "கடைசியில மாஸ்டரே ஜெயிச்சான்னு சொன்னாராமே. இவதான் காலக் காட்டிக் கெடுத்துக்கிட்டாளாம். ஒரு வருஷம் படிக்கட்டும், இன்னா இப்ப."

அப்பா என்னைப் பார்த்தார். நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இறங்கி வந்திருப்பார் என்று இப்போதும் நினைக்கிறேன். ஆனால் மைதானத்தில் பேச்சுப்படி நின்றுவிட்டு வீட்டில் வந்து மாற்றிப் பேச முடியவில்லை. "பேசுனது பேசுனதுதாம்மா," என்றேன். அழவும் இல்லை. குதிகாலில் தேங்காயெண்ணெய் போட்டுக்கொண்டு படுத்தேன்.

கம்பெனிக்குப் போனேன். அப்பர் தைத்தேன். ஷிப்டு முடிந்து வந்து படித்து, ப்ளஸ் டூவைத் தனித்தேர்வராக எழுதினேன். முதல் தடவை கணக்கில் தவறி, மறுபடி எழுதித் தேறினேன். டிரில் டீச்சர் படிப்பு எனக்குக் கிடைக்கவே இல்லை. மாவட்டச் சான்றிதழ் இல்லாதவள் என்று திருப்பி அனுப்பினார்கள். அது இன்றும் வலிக்கிறது. ஆனால் கபடி நடுவர் தேர்வுக்கு அந்தச் சான்றிதழ் வேண்டாம் என்று குடியாத்தம் டீச்சர் சொல்லியனுப்பினார். எழுதினேன். அறையில் நான் ஒருத்திதான் பெண்.

இந்த வருஷம் வட்டாரப் போட்டிக்கு என்னைக் கூப்பிட்டார்கள். அதே மைதானம். பெண்களின் களம் அதே தண்ணீர்த் தொட்டிப் பக்கம். கோடு மட்டும் சுண்ணாம்பில் போட்டிருந்தார்கள். பேட்ஜ் குத்திய இளைஞர் ஒருவர் வந்தார்.

"மேடம், பொண்ணுங்க ஃபைனல் உங்களுக்கு. நாலு மணிக்குள்ள முடிச்சிடுங்க."

"கோட்டுக்கு யாரு?"

"பொண்ணுங்க மேட்ச்தானே மேடம். நீங்களே பாத்துக்கலாம்."

விசிலைக் கழுத்திலிருந்து கழற்றிக் கைப்பையில் போட்டேன். "ரெண்டு பேரு வேணும். நாற்காலியோட."

"அதெல்லாம் அங்க போட்டாச்சே மேடம். பேஜார் பண்ணாதீங்க, நேரம் ஆவுது."

"எனக்கு நேரம் இருக்குது," என்றேன்.

அவர் மேடைக்குப் போனார், திரும்பினார், மறுபடி போனார். இரண்டு அணிப் பெண்களும் வரிசையில் நின்று என்னையே பார்த்தார்கள். இனி என்னைக் கூப்பிடவே மாட்டார்களோ என்று எனக்குள் ஓடிக்கொண்டுதான் இருந்தது. ஒருத்தி கேட்டாள்: "அக்கா, ஆட்டம் இருக்குதா இல்லியா?"

"இருக்குது. கோட்டுக்கு ஆள் வரட்டும்."

நாலு மணி தாண்டியது. மைதானத்தின் மறுகோடியிலிருந்து இரண்டு பேர், ஆளுக்கொரு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு, வெயிலில் முணுமுணுத்தபடி நடந்து வந்தார்கள். அவர்கள் கோட்டுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்காரும்வரை காத்திருந்துவிட்டு, கைப்பையைத் திறந்தேன்.