பால்போல் வெளுத்த இரத்தம்

திருகோணமலைத் துறைமுகத்துக்குப் பக்கத்தில் ஓர் இரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன். கொழுப்புப் பரிசோதனைக்குப் பன்னிரண்டு மணிநேரம் சாப்பிடாமல் வர வேண்டும். சாப்பிட்டுவிட்டு வந்து பொய் சொல்பவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

வயிற்று நோவோடு கிண்ணியாவிலிருந்து ஓர் இளம்பெண் வந்தாள். அவளுடைய இரத்தத்தை இயந்திரத்தில் இட்டுச் சுழற்றி எடுத்தால், மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர் பால்போல் வெளுத்திருந்தது. போன வாரமும் இப்படித்தான்; கொழுப்பாக எதையோ சாப்பிட்டிருக்கிறாள் என்று திருப்பி அனுப்பியிருந்தேன்.

"திரும்பவும் சாப்பிட்டுட்டு வந்து பொய் சொல்லுறீங்கள்," என்று எல்லோர் முன்னாலும் கத்தினேன்.

"வல்லாஹி, ராவில இருந்து ஒண்டும் தின்னல்ல மிஸ். சரி, உங்கட கண்ணுக்கு முன்னாலயே இருக்கன். பின்னேரம் எடுங்க."

கதிரையை என் மேசைக்கு எதிரே இழுத்துப் போட்டு, நாலு மணிவரை தண்ணீர் மட்டும் குடித்தபடி என்னையே முறைத்துக்கொண்டிருந்தாள்.

மறுபடி எடுத்தேன். அதே பால்.

இரத்தத்தில் சேரும் உணவுக் கொழுப்பை உடைக்கும் நொதியம் பிறவியிலேயே குறைந்தவர்களுக்குப் பட்டினியிலும் இரத்தம் இப்படி வெளுத்திருக்கும். கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்தாகலாம். போன வாரமே வைத்தியரிடம் அனுப்பியிருக்க வேண்டியவளை நான் வீட்டுக்கு விரட்டியிருந்தேன்.

"இப்ப நம்புறீங்களா மிஸ்?"

கையோடு வைத்தியரிடம் கூட்டிப்போனேன்.

பரீட்சையில் இந்த நோயைப் பற்றிய கேள்விக்கு முழுப் புள்ளி வாங்கியவள் நான். அதை நினைத்தால் இன்றைக்கும் எனக்கு என்மேல்தான் பற்றிக்கொண்டு வருகிறது.