முதலாளியின் நோகாத இடம்

சீனி வருத்தக்காரருக்கு ஊசி போடுகிற வேலையில் ஊசி போடுவதுதான் சுலபம். அவர்களோடு கதைப்பதுதான் கஷ்டம். தொண்ணூறுகளில் கல்முனையில் ஒரு தனியார் டிஸ்பென்சரியில் நான் தாதியாக, ஊர் வாயில் மிஸியாக, வேலை பார்த்தேன். வீட்டில் இன்சுலின் போத்தல் வைத்திருப்பவர்களே, நான் சொல்லப்போகும் ஆள் உங்கள் வீட்டிலும் இருப்பார்.

நோகாத இடம்

புடவைக்கடை ஹனீபா முதலாளி தனக்குத் தானே ஊசி போடுவார். காலில் ஆறாத புண். மூத்திரத்தைச் சோதனை மருந்தோடு சூடாக்கிப் பார்த்தால் எப்போதும் செங்கல் நிறம், அதாவது சீனி உச்சத்தில். ஊசி போடும் இடத்தைக் காட்டச் சொன்னேன். தொப்புளுக்குப் பக்கத்தில் தேசிக்காய் அளவில் ஒரு கட்டி. வருடக்கணக்காக ஒரே இடத்தில் குத்திக் குத்தி வந்தது. கட்டிக்குள் போகிற மருந்து இரத்தத்தில் ஒழுங்காகச் சேராது என்று விளக்கினேன். எனக்காக இரக்கப்படுவதுபோலச் சிரித்தார்.

“மத்த இடமெல்லாம் நோகுது மிஸி. இது பழகின இடம், குத்தினதே தெரியாது.”

பாதி கேட்ட காது

மருந்து வேலை செய்யவில்லை என்று அவராகவே அளவைக் கூட்டிக்கொண்டு போயிருந்தார். டொக்டர் இரண்டு விஷயம் சொன்னார். இனித் தொடையில் போட வேண்டும். அங்கே மருந்து முழுதாகச் சேரும் என்பதால் அளவைக் குறைக்க வேண்டும். நானும் வாசல் வரை கூடப் போய் அதையே இன்னொரு தரம் சொன்னேன். “ஓம் மிஸி, ஓம்” என்று தலையாட்டினார். படியிறங்கியதும் மனைவியிடம் என்ன சொன்னார் என்பதை அந்த மனிசி பிறகுதான் எனக்குச் சொன்னார்.

“வருத்தம் கூடிக் கிடக்கு, மருந்தைக் குறைக்கட்டாம். பாத்தியா புள்ள இவங்கட வைத்தியத்த?”

ஆறாவது ஆள்

அடுத்த கிழமை ஒரு கலியாணச் சாப்பாடு. என்னையும் அழைத்திருந்தார்கள். முதலாளி தன் வீட்டிலேயே தொடையில், கூட்டிய அளவு குறையாமல் ஊசியைப் போட்டுவிட்டு, போனதும் சாப்பாடுதானே என்று வந்து உட்கார்ந்தார். சஹன் என்கிற பெரிய தட்டைச் சுற்றி ஆறு பேர் இருந்து ஒன்றாகச் சாப்பிடுவது இங்கே வழக்கம்; ஆறு பேரும் சேராமல் யாரும் கை வைப்பதில்லை. அவருடைய சஹனில் ஐந்து பேர். ஆறாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தார்கள். முன்னால் சோறு ஆவி பறக்கிறது, இவருக்கு வியர்த்துக் கொட்டுகிறது, கை நடுங்குகிறது. கை வைக்கவில்லை. ஹனீபா முதலாளி சோற்றுக்கு அந்தரப்பட்டார் என்று ஊரில் ஒரு பேச்சு வந்துவிடக்கூடாதே. இருந்த இடத்திலேயே சரிந்தார்.

பெண்கள் பக்கம் இருந்த என்னைக் கூப்பிட்டார்கள். கண் சொருகியிருந்தது, ஆனால் விழுங்கக்கூடிய நிலை. சீனி அடியோடு இறங்கிவிட்டது. இன்னும் தாமதித்தால் மனிசன் முடிந்துவிடுவார். சீனியைக் கரைத்து வாயருகே கொண்டுபோனேன். அவருடைய மச்சான் பாய்ந்து கிளாசைப் பறித்தார்.

“மிஸிக்கு விசரா? சீனி வருத்தக்காரனுக்குச் சீனியக் குடுத்து மவுத்தாக்கப் போறீங்களா?”

பழைய இடம்

கிளாசைத் திருப்பிப் பிடுங்கிப் பருக்கினேன். முதலாளி பிழைத்தார். எழும்பியதும் முதலில் கேட்டது, ஆறாவது ஆள் வந்துவிட்டாரா என்று.

ஒரு மாதம் கழித்து வந்தார். கால்புண் பெருத்திருந்தது. மூத்திரம் மறுபடியும் செங்கல். நான் கேட்பதற்கு முன்பே சட்டையைத் தூக்கிக் காட்டினார். கட்டியின் மேல் புதிதாகக் குத்திய அடையாளம். எனக்குக் கோபம் ஏறியது. அவரோ நிதானமாக அந்தக் கட்டியைத் தடவிக்கொண்டு சொன்னார்.

“இந்த இடம் ஒரு நாளும் என்னை விழுத்தினதில்ல மிஸி.”

மருந்து சேராத கட்டி அவருக்கு வயிற்றில் மட்டுமல்ல, மண்டையிலும்தான் என்று டொக்டரிடம் போய்ச் சொன்னேன், மற்றதற்கு இன்னும் ஊசி வரவில்லை என்றுவிட்டு அவர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.